அடித்துத் திருத்திய பெயர்

1995 டிசம்பர். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் கம்பெனியில் ஒரு திட்டக் குறிப்பு தயாரானது. நாட்டின் மறுகோடியில், பசிபிக் கரையில் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவில் கேமல் சிகரெட்டின் விற்பனையைக் கூட்ட வேண்டும். அதற்காகக் குறிவைத்தவர்கள் இரண்டு வகையினர். காஸ்ட்ரோ வட்டாரத்தில் வாழும் தன்பாலீர்ப்பு ஆண்கள் ஒரு வகை. டெண்டர்லாய்ன் வட்டாரத்தில் நடைபாதையில் படுத்துறங்கும் ஏழைகள் இன்னொரு வகை. நகர்ப்புறத் துணைப்பண்பாட்டு விற்பனை என்று பொருள்தரும் ஆங்கிலச் சொற்களிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்த்து, திட்டத்துக்கு ‘ஸ்கம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஸ்கம் என்றால் கொதிக்கிற பானையில் மேலே திரண்டு வரும் அழுக்கு நுரை. கரண்டியால் வழித்து வீசுவதற்கானது. மனிதரைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னால் ஈனப்பிறவி என்று ஏசுவதாகப் பொருள். பிறகு யாருக்கோ உறைத்திருக்கிறது. ஒரு பிரதியில் அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, ‘சவர்டோ’ என்று கையால் எழுதியிருக்கிறார்கள். சவர்டோ என்பது சான் பிரான்சிஸ்கோவுக்குப் பேர்போன புளிப்பு ரொட்டி. அடித்தது பெயரை மட்டும்தான். கீழே இருந்த வரிகளில் யாரும் கைவைக்கவில்லை.

1998 நவம்பரில் 46 மாநில அரசுகளுக்கும் பெரிய சிகரெட் கம்பெனிகளுக்கும் இடையே ஒரு வழக்குத் தீர்வு உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி கம்பெனிகள் தங்கள் உள்வீட்டுக் காகிதங்களைப் பொதுவில் வைக்க வேண்டியதாயிற்று. அவற்றைச் சேர்த்து வைத்திருப்பது சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் நூலகம். எந்த ஊர்க்காரர்களை ஈனப்பிறவி என்று எழுதினார்களோ, அதே ஊருக்கு அந்தக் காகிதம் வந்து சேர்ந்தது.

அந்தக் குறிப்பில் ஒரு கணிப்பு இருந்தது: இந்த மக்களிடம் புகைப்பழக்கம் மற்றவர்களைவிடக் கூடுதல். அது உண்மை. ஆனால் அந்த உண்மையை முதலில் பயன்படுத்திக்கொண்டது யார் என்பதுதான் இந்த வரலாற்றில் மனத்தை அறுக்கிற இடம். சிகரெட் உயிரைக் கொல்கிறது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி அறிக்கை வெளியிட்டது 1964-ல். ஆண்டுதோறும் வீடுவீடாக நடக்கும் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பாலீர்ப்பு பற்றிய கேள்வி சேர்க்கப்பட்டது 2013-ல். இடையில் 49 ஆண்டுகள். விற்க நினைத்தவன் 1995-லேயே கணக்குப் போட்டு முடித்திருந்தான். காப்பாற்ற வேண்டிய அரசு, அதற்கும் 18 ஆண்டுகள் கழித்துத்தான் நாடு தழுவிய அந்தக் கணக்கெடுப்பில் கேள்வியைக் கேட்டது.

மாநில அளவில் சில இடங்களில் முன்பே கேட்டார்கள். 2003, 2004-ல் கலிபோர்னியாவில் எடுத்த ஆய்வில் பால்புதுமையரில், அதாவது தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் ஆகியோரில், 30.4 சதவீதம் பேர் புகைத்தார்கள். மாநிலத்தின் பொதுச் சராசரி 15.4. ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த மடங்கு எங்கிருந்து வந்தது? சிகரெட்டைக் கம்பெனி கொண்டுவந்து திணித்தது என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். கம்பெனி வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே புகை இருந்தது. அது பாரில் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓர் ஆணை விரும்பும் ஆணுக்கோ பெண்ணை விரும்பும் பெண்ணுக்கோ அமெரிக்க நகரங்களில் சந்தித்துக்கொள்ள இடம் கிடையாது. கோவில் இல்லை, கல்யாண வீடு இல்லை. மங்கலான விளக்குள்ள சில பார்கள்தான் உண்டு. அவையும் நிம்மதியாக நடக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் மாண்ட்கோமரி தெருவில் ‘பிளாக் கேட்’ என்றொரு பார். அங்கே வருகிறவர்கள் தன்பாலீர்ப்பாளர்கள் என்பதைக் காரணமாகக் காட்டி அதன் உரிமத்தை அதிகாரிகள் முடக்கினார்கள். உரிமையாளர் சோல் ஸ்டௌமன் வழக்காடினார். 1951-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்டவர்கள் கூடுகிறார்கள் என்பதற்காக மட்டும் உரிமத்தில் கைவைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சட்டமன்றம் 1955-ல் அதே நோக்கத்தோடு வேறொரு சட்டம் போட்டது. 1959-ல் அதையும் நீதிமன்றம் தள்ளியது. இருந்தும் போலீஸ் விடவில்லை. 1963 முடிவதற்குள் பிளாக் கேட்டின் உரிமம் போயிற்று.

இப்படி ஒரு பாருக்குள் நுழைகிறவரை எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் நண்பரா, மஃப்டி போலீஸா என்று தெரியாது. வலியப் போய்ப் பேச ஒரு சாக்கு வேண்டும், ஆபத்தில்லாத சாக்கு. தன் பையில் தீப்பெட்டி இருந்தாலும் ‘நெருப்பு இருக்கா?’ என்று கேட்கலாம். எதிராளி குச்சியை உரசிக் கையைக் குவித்து நீட்டுவார். குச்சி எரிந்து முடிவதற்குள், கையகல வெளிச்சத்தில் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். கண் நிலைத்தால் பேச்சு தொடரும். முகம் திரும்பிவிட்டால் நன்றி சொல்லி நகர்ந்துவிடலாம். கேட்டது நெருப்புதானே! சிகரெட் அங்கே வெறும் போதையாக இல்லை. அது கைக்கு வேலை, பதற்றத்துக்கு மருந்து, பேச்சுக்கு வாசல். இத்தனையும் ஒரே பொருளில் கிடைத்தபோது யார்தான் வேண்டாம் என்றிருப்பார்கள்?

பாரில் அனுமதி கிடைக்காதவர்களும் இருந்தார்கள். டெண்டர்லாய்னில் டர்க், டெய்லர் தெருக்கள் சேரும் முனையில் காம்ப்டன் என்ற சாப்பாட்டுக் கடை விடியவிடியத் திறந்திருக்கும். வேறெங்கும் உட்கார இடமில்லாத திருநங்கையர் ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு இரவைக் கழித்த இடம் அது. 1966 ஆகஸ்டில் ஓர் இரவு போலீஸ்காரர் ஒருவர் ஒரு திருநங்கையின் கையைப் பிடித்து இழுத்தார். அவர் சூடான காப்பியைப் போலீஸ்காரரின் முகத்தில் வீசினார். மேசைகள் கவிழ்ந்தன, கண்ணாடிகள் நொறுங்கின. தன்பாலீர்ப்பாளர்கள் போலீஸை எதிர்த்து எழுந்த, உலகம் நன்கறிந்த நியூயார்க் ஸ்டோன்வால் கலவரத்துக்கு மூன்று ஆண்டுகள் முந்தைய சம்பவம் இது. ரெனால்ட்ஸ் கம்பெனி பிற்பாடு தன் குறிப்பில் எழுதிய டெண்டர்லாய்ன் இதுதான்.

காஸ்ட்ரோவின் நிலைமை 1970-களில் மாறியது. காஸ்ட்ரோவும் மார்க்கெட் தெருவும் சேரும் முனையில் ‘ட்வின் பீக்ஸ்’ பாரை 1972-ல் இரண்டு பெண்கள் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். தெருவைப் பார்த்தபடி பெரிய கண்ணாடிச் சன்னல்களோடு அதை வைத்தார்கள். அதுவரை இப்படிப்பட்ட பார்களின் சன்னல்கள் கறுப்பு பூசியோ திரை போட்டோ மறைக்கப்பட்டிருக்கும். ட்வின் பீக்ஸில் உட்கார்ந்திருப்பவரை டிராமில் போகிறவர்கூடப் பார்க்கலாம். மறைவு போய்விட்டது. மறைவில் பழகிய சிகரெட் கூடவே வெளிச்சத்துக்கு வந்தது. அரசியல் கூட்டமும் பாரில், பிறந்தநாளும் பாரில், சாவுக்கு அழுததும் பாரில் என்று ஆன ஒரு சமூகத்தில் புகையைத் தனியே பிரித்து எடுப்பது லேசான காரியமல்ல.

இனிக் கம்பெனிகள் வந்த கதை. அது ஒரு போராட்டத்தின் வழியாக வந்தது என்பதை நம்பச் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும்.

வட கரோலினாவின் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் புகையிலை விவசாயிகளின் காவலர், தன்பாலீர்ப்பாளர்களின் பரம எதிரி. எய்ட்ஸ் கொத்துக்கொத்தாக ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்த 1987-ல், தன்பாலுறவை ஊக்குவிப்பதாகக் கருதப்படும் எந்த எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசுரத்துக்கும் மத்திய அரசின் பணம் போகக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அவர். அவருக்கு நிதி கொடுத்த கம்பெனிகளில் ஒன்று, மார்ல்பரோ தயாரிக்கும் பிலிப் மாரிஸ். மில்லர் பீரும் அன்று அதனுடையதுதான். 1990-ல், எய்ட்ஸ் நோயாளிகளுக்காகப் போராடிய ‘ஆக்ட் அப்’ அமைப்பினர் மார்ல்பரோவையும் மில்லரையும் புறக்கணிக்கச் சொல்லி அறைகூவல் விட்டார்கள். நகரத்துக்கு நகரம் பார்கள் மில்லர் பீர் விற்பதை நிறுத்தின.

போராட்டத்தின் நியாயத்தில் ஐயமில்லை. ஆனால் கோரிக்கையைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். ஹெல்ம்ஸுக்குப் பணம் கொடுக்காதே என்பதுதான் கோரிக்கை. எங்களுக்குச் சிகரெட் விற்காதே என்பதல்ல. மார்ல்பரோவை விட்டவர் வேறு பிராண்டுக்குப் போனால் போராட்டத்துக்குக் குறைவில்லை. 1991-ல் சமரசம் ஆனது. எய்ட்ஸ் பணிகளுக்குத் தரும் நன்கொடையைக் கூட்டுவதாகக் கம்பெனி வாக்களித்தது. ஹெல்ம்ஸைக் கைவிடுவதாகச் சொல்லவில்லை.

அதுவரை இந்தச் சமூகத்தோடு பேசவே தயங்கிய கம்பெனிக்கு இப்படித்தான் ஒரு வாசல் திறந்தது. அடுத்த ஆண்டே, 1992-ல், தன்பாலீர்ப்பு ஆண்கள் படிக்கும் ‘ஜான்ரா’ பத்திரிகையில் பிலிப் மாரிஸின் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் சிகரெட் விளம்பரம் வந்தது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அதைப் பெரிய செய்தியாக்கியது. ஏனென்றால் பெரிய கம்பெனிகள் அந்தப் பத்திரிகைகளின் பக்கம் தலைவைத்துப் படுக்காத காலம் அது. கொல்லும் பொருளின் விளம்பரம் என்று சிலர் கொதித்தார்கள். வேறு பலர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியைப் பழிக்கக் கூடாது. வாடகைக்கு வீடு தர மறுக்கிறார்கள், வேலையிலிருந்து தூக்குகிறார்கள், நோயில் விழுந்தால் தொடவும் தயங்குகிறார்கள். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பெரிய நிறுவனம் ‘நீங்களும் எங்கள் வாடிக்கையாளர்’ என்று முகம் பார்த்துச் சொன்னால் மனம் நெகிழத்தான் செய்யும். கையில் காசில்லாத எய்ட்ஸ் அமைப்பிடம் காசோலையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? மரியாதைக்கு ஏங்குகிறவர்களிடம் மரியாதையின் விலைக்குச் சிகரெட்டை விற்றார்கள். குற்றம் ஏங்கியவர்களுடையது அல்ல.

இந்த நன்றிக்கடன் நீண்ட காலம் வாயை அடைத்தது. கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பால்புதுமையர் அமைப்புகளின் தலைவர்கள் 74 பேரைப் பேட்டி கண்டு 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 22 சதவீதத்தினர் புகையிலைக் கம்பெனிப் பணம் வாங்கியதாகச் சொன்னார்கள். புகையிலையை முதன்மையான உடல்நலப் பிரச்சினையாகக் கருதியவர்கள் 24 சதவீதம்தான். எய்ட்ஸ், வன்முறை, திருமண உரிமை என்று வாசலில் தீ எரியும்போது சிகரெட் முனையில் எரிவது கண்ணில் படவில்லை.

விட நினைத்தவர்களுக்கும் வழி சுலபமாக இல்லை. நிகோடின் உள்ளிழுத்த சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. சில மணி நேரத்தில் அது வடிந்ததும் எரிச்சலும் படபடப்பும் தலைதூக்குகின்றன. அடுத்த தம் அதைத் தணிக்கிறது. தணிந்தது சிகரெட் உண்டாக்கிய படபடப்புதான் என்றாலும், கவலையே தீர்ந்ததுபோல மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. கவலைக்குக் குறைவில்லாத வாழ்க்கை என்றால் இந்தக் கணக்கு எத்தனை முறை எழுதப்படும்! சிறுபான்மையாக வாழ்வதே உடலிலும் மனத்திலும் ஏற்றும் கூடுதல் பாரத்தைப் பற்றி ஆய்வாளர் இலான் மேயர் 2003-ல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் அடித்தளம் போன்றது. வசை வரும் என்று எதிர்பார்த்தே நடப்பது, உண்மையை ஒளித்தே பேசுவது, ஊர் சொன்ன இழிவைத் தானும் நம்பிவிடுவது. இவை ஒவ்வொன்றும் அந்தப் பாரத்தில் சேரும்.

மெந்தால் இன்னொரு கண்ணி. அது தொண்டையைக் குளிரவைத்துப் புகையின் காரத்தை மறைக்கும். பழகுவது எளிதாகும், விடுவது கடினமாகும். 2009, 2010-ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், புகைக்கும் பால்புதுமையரில் 36.3 சதவீதம் பேர் மெந்தால் பிடித்தார்கள். புகைக்கும் மற்றவர்களில் அது 29.3.

சரி, மருத்துவரிடம் போகலாமே? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியதே 1973-ல்தான். அதற்கு முன் மருத்துவரிடம் மனம் திறந்தவர்களில் சிலருக்குக் கிடைத்தது மின்னதிர்ச்சி. அந்தப் பயம் ஒரு தலைமுறையோடு போய்விடவில்லை. 2015-ல் 27,715 பேரிடம் நடத்திய திருநர் கணக்கெடுப்பில், மோசமாக நடத்துவார்கள் என்று அஞ்சி முந்தைய ஓராண்டில் மருத்துவரிடமே போகாமல் இருந்தவர்கள் 23 சதவீதம். புகையை விட உதவும் மாத்திரைகள் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கின்றனவோ, அந்தக் கதவைத் தட்டவே பயம். ஈஸ்ட்ரஜன் எடுத்துக்கொள்ளும் திருநங்கை புகைத்தால் இரத்தம் உறைந்து அடைக்கும் ஆபத்து கூடும் என்பதால், மற்றவரைவிட அவருக்குத்தான் அந்தக் கதவு அவசரமாகத் திறக்க வேண்டும்.

எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்ந்தவர்களின் நிலை இன்னும் கொடுமை. 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும், சாகப்போகிறவர் சிகரெட்டை விட்டு என்ன ஆகப்போகிறது என்று நோயாளியும் நினைத்தார், மருத்துவரும் கேட்காமல் விட்டார். 1996-ல் கூட்டு மருந்துகள் வந்தன. ஆட்கள் பிழைத்தார்கள், பழக்கமும் கூடவே பிழைத்தது. டென்மார்க்கில் நல்ல சிகிச்சையில் இருந்த எச்.ஐ.வி. நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட முடிவு இது: 35 வயதில் புகைத்துக்கொண்டிருப்பவரின் ஆயுளில் தொற்றால் குறைவது 5.1 ஆண்டுகள், புகையால் குறைவது 12.3 ஆண்டுகள். கொள்ளைநோயிலிருந்து மீண்டு வந்தவர்களைச் சிகரெட் காத்திருந்து அடித்தது. அமெரிக்க அரசின் விழிப்புணர்வு விளம்பரம் ஒன்றில் எச்.ஐ.வி.யைத் தாண்டி வந்த ஒருவர் தோன்றினார். அவருக்குப் பக்கவாதம் வந்தபோது வயது 43.

மாற்றமும் சான் பிரான்சிஸ்கோவில்தான் முளைத்தது. 1988-ல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்துச் சிகரெட் பெட்டிக்கு 25 சென்ட் கூடுதல் வரி போட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி புகை எதிர்ப்புக்குப் போனது. 1990-களின் தொடக்கத்தில் பால்புதுமையருக்கென்றே ஒரு புகை விடுப்பு வகுப்பு உருவானது. அதன் பெயர் ‘தி லாஸ்ட் டிராக்’. டிராக் என்றால் ஓர் இழுப்பு. ஆண்கள் பெண்வேடம் கட்டி ஆடும் கலைக்கும் அதே பெயர். கடைசி இழுப்பு என்று சொல்லும்போதே ‘இது நம்ம வீடு’ என்றும் சொன்ன பெயர் அது. ரெனால்ட்ஸ் கம்பெனி வைத்த பெயரோடு ஒப்பிட்டால், ஒரு கூட்டத்துக்குப் பெயர் வைக்கிறவரின் மனம் எத்தனை தெளிவாகத் தெரிகிறது.

வகுப்பில் மாயமந்திரம் ஏதுமில்லை. வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த நேரத்தில் கை பெட்டியைத் தேடுகிறது என்று பேசுவார்கள். நாள் குறித்து விடுவார்கள். தவறியவர் மறுபடி வருவார். வேறு வகுப்புகளில் ‘உங்கள் மனைவி வீட்டில் உதவுவாரா?’ என்று கேட்கும்போது, தன் துணை ஓர் ஆண் என்று சொல்வதா விழுங்குவதா என்ற தவிப்பில் பாதி பலம் போய்விடும். இங்கே அந்தத் தவிப்பு இல்லை. 2012-ல் வெளியான மதிப்பீடு 233 பேரின் கதையைச் சொன்னது. வகுப்பு முடியும்போது ஏறத்தாழ 60 சதவீதம் பேர் புகையை விட்டிருந்தார்கள். ஆறு மாதம் கழித்தும் 36 சதவீதம் பேர் தொடவில்லை. விட முயன்று தோற்றவர்களுக்குத் தெரியும், 36 எவ்வளவு பெரிய எண் என்று.

1998 ஜனவரி 1 முதல் கலிபோர்னியா பார்களுக்குள் புகைக்கத் தடை வந்தது. வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளிகள் அலறினார்கள். பார்கள் படுக்கவில்லை. புகைக்கிறவர்கள் நடைபாதைக்கும் பின்கட்டுக்கும் போனார்கள். ‘நெருப்பு இருக்கா?’ என்ற கேள்வியும் அவர்களோடு வெளியே போனது. அதனால்தான் தடைக்குப் பின்னும் வாசலில் நின்று நண்பர்கள் பிடித்தார்கள். சட்டம் புகையைத்தான் வெளியேற்ற முடியும், வாசலில் நிற்கும் கூட்டத்தின் இழுப்பை அல்ல. 2021-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ளவர்களில் புகைத்தவர்கள் 15.3 சதவீதம், எதிர்பாலீர்ப்பு உள்ளவர்களில் 11.4. இடைவெளி சுருங்கியிருக்கிறது, மூடவில்லை.

2017-ல் சான் பிரான்சிஸ்கோ மாநகர சபை, மெந்தால் உட்பட மணமூட்டிய புகையிலைப் பொருள் எதையும் நகரில் விற்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. அதை மக்கள் வாக்கெடுப்புக்கு இழுத்து முறியடிக்கப் பார்த்தது ஆர்.ஜே. ரெனால்ட்ஸ், அதே கம்பெனிதான். ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் டாலரை ஒரே ஒரு நகரத்தின் பிரச்சாரத்தில் கொட்டியது. 2018 ஜூனில் வாக்குகளை எண்ணியபோது 68 சதவீதம் பேர் சட்டத்தின் பக்கம் நின்றிருந்தார்கள். 2019 தொடக்கத்திலிருந்து மெந்தால் பெட்டிகள் கடை அடுக்குகளை விட்டு இறங்கத் தொடங்கின, காஸ்ட்ரோவிலும் டெண்டர்லாய்னிலும்.